தென்னங்குருத்து மோதிரங்கள்

எங்கள் கல்யாண அறிவிப்பை மாத்தளைக் கோயிலில் மூன்றாம் முறையாக வாசித்தது ஒரு குருத்து ஞாயிறில். நான் ஆண்கள் பக்கம், அவள் பெண்கள் பக்கம். சுவாமி பிரசங்கம் செய்துகொண்டிருக்க, அவள் கையிலிருந்த தென்னங்குருத்தைக் கிழித்து எதையோ பின்னிக்கொண்டிருந்தாள். பூசை முடிந்து வாசலில் நின்றபோது என் விரலில் ஓர் ஓலை மோதிரத்தை மாட்டி, முனையை இழுத்து முடிச்சிட்டாள்.

"தங்கத்துல போடுற வரைக்கும் இது இருக்கட்டுங்க. தண்ணி படாமப் பாத்துக்கங்க."

அதற்குப் பிறகு தங்கத்தில் போட்டோம். ஆனாலும் ஒவ்வொரு குருத்து ஞாயிறும் எனக்கு ஒரு மோதிரம் கிடைத்தது. ஊரடங்கில் கோயில் பூட்டியிருந்த வருடம் பக்கத்து வீட்டுத் தென்னையில் குருத்து வாங்கிப் பின்னினாள். "ஆசீர்வாதம் பண்ணாத ஓலைதான். ஆனா சைஸ் சரியா இருக்குல்ல?" என்று சிரித்தாள்.

மாலையானதும் நான் கழற்றிக் கொடுக்க, அவள் அதை அலுமாரியில் ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டு வைப்பாள். தவக்காலம் தொடங்கும் முன் போன வருடத்து ஓலைகளைக் கோயிலுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவற்றை எரித்துத்தான் விபூதிப் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பலைச் செய்வார்கள். திரு இருதயப் படத்தின் பின்னால் செருகிய ஓலைச் சிலுவைகளை அவள் ஒழுங்காகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். மோதிரங்களை மட்டும் கொடுக்க மாட்டாள். "சுவாமி கேட்டா எலி தின்னுடுச்சுன்னு சொல்லிருங்க" என்பாள்.

கடந்த ஆகஸ்டில் ஒரு காலை, நெஞ்சு எரிகிறது என்றாள். இஞ்சி போட்டுத் தேநீர் குடி என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்துதான் எனக்கு அழைப்பு வந்தது. அவள் போன அன்றிலிருந்து, கண்டியில் படிக்கும் மகள் இருமினாலும் பயப்படுகிறேன். அவள் பஸ்ஸில் ஏறினால் மூன்று முறை போன் செய்கிறேன்.

அந்த டப்பாவை மூடி வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. மோதிரங்களை ஒரு நூலில் கோத்து, தினமும் கண்ணில் படட்டும் என்று திரு இருதயப் படத்துக்குப் பக்கத்திலேயே, சிலுவைகளோடு ஓர் ஆணியில் மாட்டினேன். நான் செய்த பிழை அதுதான்.

இந்த வருடம் தவக்காலத்துக்கு முந்திய ஞாயிறு எனக்குக் காய்ச்சல். விடுமுறைக்கு வந்திருந்த மகள் தனியாகப் பூசைக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை மாலை மெழுகுவர்த்தி ஏற்றப் போனபோதுதான் ஆணி வெறுமையாக இருப்பதைப் பார்த்தேன். அலுவிகாரைச் சந்தியில் ஓட்டோ பிடித்து, கோயிலுக்குப் போகிற வழியிலேயே, திங்கட்கிழமை கண்டிக்குத் திரும்பியிருந்த மகளை அழைத்தேன்.

"பழைய ஓலை கேட்டாங்கல்லப்பா, எல்லாத்தையும் குடுத்துட்டேன். அம்மா இருந்தா அம்மாதானே குடுப்பாங்க."

"நூல்ல கோத்திருந்தது?"

"அதுவும் ஓலைதானேப்பா. ஏன், அது என்னது?"

போனை வைத்துவிட்டேன். அவளுக்குச் சொல்லி வைக்காததும் நான்தான்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் முற்றத்தில் சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"காலையிலேயே எரிச்சாச்சே சார். நல்லாக் காஞ்ச ஓலை, ஒரே குச்சியில பத்திக்கிச்சு."

ஜாம் போத்தலில் சாம்பலைக் காட்டினார். ஊரார் ஓலை அத்தனையும் அரைப் போத்தலுக்குத்தான் வந்திருந்தது. மறுநாள் வரிசையில் நின்று நெற்றியில் வாங்கிக்கொண்டேன். அன்று முகம் கழுவவில்லை. ஆனால் அதில் அவளை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. விரலைச் சுற்றி அவள் இழுத்து முடிச்சிடும்போது வரும் அந்தச் சின்ன இறுக்கம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

வார இறுதியில் மகள் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். "திட்டுங்கப்பா" என்றாள். நான் திட்டவில்லை.

குருத்து ஞாயிறன்று இருவரும் ஒரே வாங்கில் உட்கார்ந்தோம். பிரசங்கத்தின் நடுவே அவள் ஓலையைக் கிழித்தாள்.

"அம்மா எப்படிப்பா முடிச்சுப் போடுவாங்க?" என்று காதோடு கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். அத்தனை வருடமும் நான் விரலை நீட்டியிருக்கிறேன். பார்த்தது அவளுடைய முகத்தைத்தான், கையை அல்ல.

"தெரியலம்மா" என்றேன்.

"அவ்வளவு போட்டிருக்கீங்க, ஒன்னு கூடப் பாக்கலையா?"

அவளாகவே எப்படியோ சுற்றி மாட்டிவிட்டாள். பெரிதாக இருந்தது. முனை உள்ளே நிற்காமல் வெளியே நழுவிக்கொண்டேயிருந்தது. பூசை முடியும் வரை அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.