படகுக்கு எண்பத்தேழு வழிகள்

எங்கள் அலுவலகம் துறைமுகத்துக்குப் போகும் வீதியில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. நாங்கள் நான்கு பேர். நிலாவெளிக் கரையிலிருந்து திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுகளுக்கு இணையத்தில் இடம் பதிவு செய்யும் தளம் ஒன்றை எழுதி, ஏழு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டு வருகிறோம். தளத்தின் சொந்தக்காரர்கள் கொழும்பில். எழுத்து எங்களுடையது.

போன வருஷம் பருவம் தொடங்கிய கையோடு கொழும்பிலிருந்து ஒரு கேள்வி வந்தது. இந்த நிரலை இன்னும் எத்தனை வருஷம் வைத்து ஓட்டலாம், புதிதாக ஒருவர் வந்தால் அவருக்கு விளங்குமா, அல்லது எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டுமா? அதை அளந்து சொல்வதற்கென்று ஒரு மென்பொருளின் பெயரையும் அனுப்பியிருந்தார்கள். எங்கள் அலுவலகத்தை நடத்துகிற அக்காவுக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆட்களோடு கதைப்பதும் வேலை பிடித்துத் தருவதும் அவருடைய பக்கம். அவர் அந்த மின்னஞ்சலை எனக்குத் தள்ளிவிட்டார்.

எனக்கோ அது வேலையாகவே படவில்லை. ஒரு எழுத்து விளங்குமா விளங்காதா என்பதை ஒரு இயந்திரம் எப்படி அளக்கும்? அன்று முழுக்க அதைப் பற்றியே வாசித்தேன். கணக்கு மிக எளிது. ஒரு நிரல்துண்டை மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு போகும்போது, ‘இப்படியானால் இந்தப் பக்கம், இல்லையென்றால் அந்தப் பக்கம்’ என்று பாதை எத்தனை இடத்தில் பிரிகிறது என்று எண்ணி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பிரியாமல் நேரே போனால் எண் ஒன்று. பத்துக்கு உள்ளே இருந்தால் பச்சை நிறம். அதற்கு மேலே மஞ்சள். இன்னும் மேலே போனால் சிவப்பு.

ஓட்டிப் பார்த்தேன். பெரும்பாலும் பச்சை. பத்துப் பன்னிரண்டு மஞ்சள். ஒன்றே ஒன்று சிவப்பு. அதன் எண் எண்பத்தேழு.

அந்த ஒன்று எதுவென்று திறக்காமலே எனக்குத் தெரியும். ஒரு படகு, ஒரு நாள், ஒரு நேரம், எத்தனை பேர் என்று கொடுத்தால், போகலாம் அல்லது போகேலாது என்று பதில் சொல்லும் துண்டு அது. தளம் முழுவதும் அந்தப் பதிலை நம்பித்தான் ஓடுகிறது. நானூறு வரிக்கு மேல் நீண்டுகிடக்கும். அதைத் திறக்க வேண்டி வந்தால் முதலில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துதான் உட்காருவோம். அதை எழுதியவள் எனக்கு முன் அங்கே வேலை பார்த்த ஒரு சிநேகிதி. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு, இப்போது கிண்ணியாவில் கணித ஆசிரியை. அந்த நானூறு வரிக்காக அவளை மனதுக்குள் எத்தனையோ தரம் திட்டியிருக்கிறேன்.

அறிக்கையை அக்காவிடம் காட்டினேன். சிவப்பைப் பார்த்ததும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. இரண்டு கிழமைக்குள் அதைப் பச்சையாக்கித் தரச் சொன்னார்.

இரண்டு நாளே போதுமாக இருந்தது. நானூறு வரியையும் பன்னிரண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தேன். மறுபடி ஓட்டினால் எல்லாம் பச்சை. அப்போதும் ஒரு விஷயம் உறுத்தியது. பன்னிரண்டின் எண்களையும் கூட்டிப் பார்த்தால் தொண்ணூற்றெட்டு வந்தது. துண்டுக்கு ஒன்று கூடியிருந்ததைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை. சிக்கல் எங்கேயும் போகவில்லை, பன்னிரண்டு அறைகளில் பிரிந்துபோய் இருந்தது. இதை யாரிடமும் சொல்லாமல் புதிய நிரலைத் தளத்தில் ஏற்றிவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் என் கைபேசி அடித்தது. நிலாவெளிப் படகுக்காரர்களுக்குத் தலைவர்போல் இருக்கும் ஒருவர். நான் அவரை, அண்ணன் முறையில், நானா என்றுதான் கூப்பிடுவேன். மெதுவான குரலில் பேசினார்.

“தங்கச்சி, பன்னிரண்டரைக்கு எனக்கு ஆள் போட்டிருக்கு. நான் பள்ளிவாசல்ல நிக்கிறன். ஜும்ஆ நேரத்தில ஒருநாளும் போடுறதில்லையே, என்ன நடந்தது?”

ஒரு ஹோட்டலில் இருந்து வந்த குடும்பம், இரண்டு சிறு பிள்ளைகளோடு, நடு வெயிலில் கரையில் நின்றுகொண்டிருந்தது. தொழுகை முடிந்து அவர் ஓடிவருவதற்குள் கச்சான் காற்றும் கிளம்பிவிட்டது. அன்று படகு போகவில்லை. அடுத்த நாள் விடியவே அவர்களைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டார், அது அவருடைய நல்ல மனசு.

பிழை என்னுடையது. பழைய நிரலில், வெள்ளிக்கிழமையா என்ற கேள்வி முதலிலும், ஹோட்டல் குழுவா என்ற கேள்வி அதற்குப் பிறகும் இருந்தன. ஹோட்டல் குழு என்றால் மிச்சம் எதையும் பாராமல் ‘போகலாம்’ என்று சொல்லிவிடும். நான் வெட்டி அடுக்கும்போது ஹோட்டலை முன்னுக்கு வைத்துவிட்டேன். இயந்திரம் பாதைகளை எண்ணியதே தவிர, அவற்றின் வரிசையைப் பற்றி அதற்கு எந்தக் கவலையும் இல்லை.

அன்று பின்னேரமே பழையதைத் திரும்பப் போட்டேன். மறுபடியும் எண்பத்தேழு. ஆனால் இந்தத் தடவை அதைப் பார்க்க எரிச்சல் வரவில்லை. இத்தனை கேள்வியும் எங்கிருந்து வந்தன என்று அறிய ஆசையாக இருந்தது. எந்த வரியை யார், எப்போது எழுதினார்கள் என்று காட்டும் வரலாறு எங்களிடம் இருக்கிறது. அதைத் திறந்து, ஒவ்வொரு கிளைக்கும் எதிரே பெயரைக் குறித்துக்கொண்டு வந்தேன்.

கிண்ணியாச் சிநேகிதி எழுதியவை பதினெட்டு. நான்கைந்து மற்றவர்களுடையவை. மிச்சம் அறுபத்துச் சொச்சமும் என்னுடையவை.

என்னுடையவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு அவசரம், இரண்டு வரி. ‘நாலாம் படகு வியாழன் இல்லை’ என்று ஒன்று. நான்தான் எழுதியிருக்கிறேன், என் பெயர் இருக்கிறது. ஏன் வியாழன்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

சனிக்கிழமை அந்த நானூறு வரியையும் அச்செடுத்துக்கொண்டு கிண்ணியா பஸ்ஸில் ஏறினேன். சிநேகிதி சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். விடைத்தாள்களை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, என் தாள்களையும் அதே சிவப்புப் பேனையோடு வாசிக்கத் தொடங்கினாள். இரண்டாம் பக்கத்தில் நிமிர்ந்து பார்த்தாள்.

“இதெல்லாம் நானோ எழுதினது?”

“இல்லை. நான்தான். உன்னைத்தான் இவ்வளவு நாளும் ஏசிக்கொண்டிருந்தனான்.”

அவள் சிரித்த சிரிப்பில் உள்ளே விளையாடிய பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அவள் எழுதிய பதினெட்டையும் தனியே எடுத்து, ஏன் எழுதினாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். பத்துக்குக் காரணம் சொன்னாள். எட்டுக்கு அவளாலும் ஏலவில்லை. எழுதியவளுக்கே காரணம் தெரியாத வரியை எந்தக் கருவி சிவப்பாகக் காட்டும் என்று கேட்டேன். அவள் வியாழக்கிழமை வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டு, தெரிந்தவரிடம் கேட்கச் சொன்னாள். அங்கேயிருந்தே நானாவுக்குத் தொலைபேசி எடுத்து, ஏன் வியாழன் என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “அது நாலாம் படகுக்காரர் உம்மாவைக் கிளினிக்குக் கொண்டு போற நாள், தங்கச்சி. நான்தான் உங்களுக்குச் சொன்னனான்.” பிறகு குரல் தாழ்ந்தது. “உம்மா மௌத்தாகி ரெண்டு வருஷமாகுது.”

வியாழக்கிழமைகளில் அந்தப் படகுக்குப் பதிவே வராததை யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டேன்.

“வியாழனுக்கு ஆள் குறைவு எண்டு நாங்க நினைச்சிட்டம்” என்றார்.

அந்தத் தாய் இறந்த பின்னும் இரண்டு பருவங்களாக ஒரு மனிதர் வியாழக்கிழமை தோறும் படகைக் கரையில் ஏற்றிவைத்துவிட்டு, ஆள் வராது என்று கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறார். அதற்குக் காரணம் நான் எழுதிய இரண்டு வரி. அவை பிழையான வரிகளும் இல்லை. எழுதிய அன்றைக்கு முழுக்கச் சரியானவை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதே நேரத்தில் மிச்ச எண்பத்தைந்திலும் என்னென்ன இருக்கும் என்ற ஆவலும் அடங்கவில்லை.

அன்று பின்னேரம் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அந்த மேசையில் இருந்தோம். வழி காட்டியது அவள்தான். இவை நிரலுக்குரிய கேள்விகளே இல்லை, பட்டியலுக்குரிய தகவல்கள் என்றாள். எந்தப் படகு, எந்த நாள், ஏன் போகாது, யார் சொன்னது, எதுவரைக்கும் என்று ஐந்து கட்டம். நிரல் அந்தப் பட்டியலைப் பார்த்து, தடுக்கிற வரி ஏதும் உண்டா என்று மட்டும் கேட்டால் போதும். ‘எதுவரைக்கும்’ என்ற கட்டத்தை வெறுமையாக விட யாரையும் அனுமதிக்கக்கூடாது என்று அழுத்திச் சொன்னாள்.

அடுத்த பத்து நாளும் அதுதான் என் வேலை. இந்தத் தடவை வெட்டுவதற்கு முன்னால், பழைய நிரல் என்ன பதில் சொன்னது என்று நூற்றுக்கணக்கான நாள்களுக்கும் படகுகளுக்கும் எடுத்து வைத்துக்கொண்டேன். புதியதும் அதே பதிலைச் சொல்கிறதா என்று ஒவ்வொரு நாளும் ஒப்பிட்டேன். வித்தியாசம் வந்த இடமெல்லாம் நானாவிடம் கேட்டேன். அவருக்கு என் அழைப்புகள் சலித்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. முடிவில் எண் பதினான்காக வந்து நின்றது. உயிர்காப்பு அங்கி கணக்கு, மாரிக்காலம், காற்று என்று உண்மையிலேயே யோசிக்க வேண்டிய கேள்விகள் மட்டும் மிஞ்சியிருந்தன. பத்துக்குள் கொண்டுவர இன்னும் வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை.

நான் எதிர்பாராதது அக்காவிடமிருந்து வந்தது. நிறம் இன்னும் மஞ்சள்தான் என்று சொல்லத்தான் அவரிடம் போனேன். நிறத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. மேசையில் கிடந்த பட்டியலை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து வரிவரியாக வாசித்தார்.

“இந்த ஒன்பதாம் படகை வித்துப்போட்டினமே. இது ஏன் இன்னும் கிடக்குது?”

ஒரு மணித்தியாலத்துக்குள் அப்படி மூன்று கண்டுபிடித்தார். ஏழு வருஷமாக அவருடைய அலுவலகத்திலேயே இருந்த விதிகளை அன்றுதான் முதல்முதலாக அவர் வாசித்தார். இதுவரை யாரும் அவருக்கு வாசிக்கக்கூடியதாக எழுதிக் கொடுத்ததில்லை. இப்போது பட்டியலில் எதையும் சேர்ப்பதும் நீக்குவதும் அவர்தான். நாலாம் படகின் வியாழக்கிழமை வரியையும் அவரே எடுத்தார். அடுத்த கிழமையே அந்தப் படகுக்கு வியாழனில் பதிவு வந்தது.

கொழும்புக்கு அனுப்பிய அறிக்கையில் கருவி தந்த எண்களுக்குப் பக்கத்தில் நானே ஒரு நெடுவரிசை சேர்த்திருந்தேன். ஒவ்வொரு துண்டையும் வாசித்து, அது என்ன செய்கிறது என்று ஒரு வசனத்தில் எழுத எனக்கு எத்தனை நிமிடம் பிடித்தது என்பதே அது. கேலி செய்வார்களோ என்ற பயம் இருந்தது. அங்கேயிருந்து தொலைபேசி எடுத்தவர் எண்களைப் பற்றி இரண்டொரு கேள்வி கேட்டுவிட்டு, அந்த நிமிடங்களை எப்படி அளந்தேன் என்றுதான் நெடுநேரம் விசாரித்தார். தளம் முழுவதற்கும் அப்படிச் செய்து தரச் சொன்னார். புதிதாக எழுதும் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

இப்போது காலையில் வந்ததும் ஒரு துண்டு, கைபேசியில் நேரம் வைத்து வாசிக்கிறேன். பெரும்பாலும் கருவியின் எண்ணும் என் நிமிடமும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாதவைதான் என்னைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. போன கிழமை ஒன்று அகப்பட்டது. எண் மூன்று, பளிச்சென்ற பச்சை, மொத்தம் பதினொரு வரி. அதை ஒரு வசனத்தில் எழுத எனக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. வரிகளில் ஒரு சிக்கலும் இல்லை. உள்ளே உள்ளவற்றுக்கு வைத்திருந்த பெயர்களில் ஒன்றுகூட, அது என்னவென்று சொல்லவில்லை, அவ்வளவுதான். பெயர் பொருந்துகிறதா என்பதை எண்ணால் எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.