பெடலுக்கு வைத்த எலுமிச்சம்பழம்

எங்கள் திருவண்ணாமலையில் புது வண்டி வாங்கினால் பூஜை போடாமல் யாரும் ஓட்டுவதில்லை. மாலை, பொட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் எல்லாம் உண்டு. நான் வாங்கியது வண்டியில்லை; கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல். காலால் மிதிக்கிற சாமான்தானே, பூஜை போட்டால் என்ன என்று அதையும் தூக்கிக்கொண்டு தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். மனைவியும் வந்தாள், வேடிக்கை பார்க்க.

“வண்டி எங்கே?” என்றார் குருக்கள்.

“இதான் சாமி.”

டிபன் டப்பா அளவு பெட்டியைப் புரட்டிப் பார்த்தார். “சக்கரம்?”

“காலால அமுத்தறதுதான் சாமி.”

“ஒரு பொட்டு போதும்ங்க,” என்றாள் மனைவி. எனக்குப் போதவில்லை. அடிச்சத்தம், நடுச்சத்தம், உச்சச்சத்தம் என்று மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துத் திருத்துகிற பெடல் அது. ஒன்றுக்கு வைத்து மற்றதை விட்டால் கோபித்துக்கொள்ளாதா? எல்லாத் திருகிலும் சந்தனம் வைத்தேன். மிதிக்கும் பொத்தானில் கொஞ்சம் ஜாஸ்தியாகவே அப்பி, அதன்மேல் எலுமிச்சம்பழத்தை வைத்து, வலது காலால் ஓங்கி மிதித்தேன். சாறு குருக்களின் வேட்டி வரை தெறித்தது.

இத்தனை பக்திக்கும் காரணம் பயம். பகலில் வேங்கிக்காலில் அரசாங்க அலுவலக கிளார்க்கான நான், முகூர்த்த நாட்களில் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசிக்கிறேன். அதை நடத்தும் அண்ணன் போன கல்யாணத்திலேயே சொல்லிவிட்டார்: “உன் கிட்டாரு சத்தம் பாட்டு மேல ஏறி உக்காருதுடா. கீழ்பென்னாத்தூர் ரிசப்ஷன் வரைக்கும் பாப்பேன். அப்பறம் கிட்டாரையும் கீபோர்டுலயே வாசிச்சுக்கறோம்.” அந்த ரிசப்ஷனுக்காகத்தான் இந்தப் பெடல். மெல்லிசைக்கு ஒன்று, குத்துப்பாட்டுக்கு ஒன்று என நாலு சத்தங்களை வீட்டிலேயே திருத்தி, பெடலுக்குள்ளேயே பிரீசெட்டுகளாகச் சேமித்து வைத்திருந்தேன். பொத்தானை மிதித்தால் அடுத்த சத்தம். அவ்வளவு சுலபம்.

அன்று சாயந்திரம் கீழ்பென்னாத்தூர் மண்டபத்தில் வயரைச் செருகினேன். நாலாவது பிரீசெட்டின் விளக்கு எரிந்தது. இருப்பதிலேயே முரட்டுச் சத்தம் அது. முதல் பாட்டோ தாலாட்டு மாதிரி. பொத்தானை மிதித்தேன். அசையவில்லை. குதிகாலால் மிதித்தேன். காய்ந்த சந்தனமும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்து சிமெண்டு போட்டிருந்தன.

அண்ணன் பாட்டை ஆரம்பித்துவிட்டார். கிட்டாரை நேராக ஸ்பீக்கரில் செருகலாம் என்ற யோசனை எனக்கு மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது வந்தது. அப்போது தோன்றியது ஒன்றுதான்: கிட்டாரின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, கம்பிமேல் விரலை ஓட்டினேன். தலையை ஆட்டினேன். கண்ணை மூடினேன். இரண்டு பாட்டு இப்படியே ஊமையாக ஓடியது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எனக்குத் தாளம்கூடப் போட்டார்.

மூன்றாவது பாட்டு என் பாட்டு. நடுவில் கிட்டார் மட்டும் தனியாக வரவேண்டும். அங்கே ஊமைக் கிட்டாரை வைத்து ஏமாற்ற முடியாது.

அப்போது பார்த்தால், என்னோடு வந்திருந்த மனைவி, சாப்பாட்டுப் பந்திக்குக் கிளம்பியவள், நேராக மேடைப் பக்கம் வருகிறாள்.

“என்னங்க, வாசிக்காம நிக்கறீங்க?”

“எப்படிக் கண்டுபிடிச்ச?”

“சிரிச்சுக்கிட்டே இருந்தீங்களே. வாசிக்கறப்போ எப்பவும் பல்லு வலி வந்தவன் மாதிரிதான் இருப்பீங்க.”

பொத்தானைக் காட்டினேன். அவள் புடவைத் தோளிலிருந்த சேஃப்டி பின்னைக் கழற்றி, குனிந்து, பொத்தானைச் சுற்றிக் கிளறினாள். சந்தனம் பொடிப்பொடியாக வந்தது. கூடவே ஓர் எலுமிச்சை விதை. “இப்ப மிதிங்க.”

மிதித்தேன். ‘டக்’. விளக்கு ஒன்றாவது பிரீசெட்டுக்குத் தாவியது. எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்தபோதுகூட அப்படி மூச்சு வந்ததில்லை. குறைத்து வைத்திருந்த கிட்டார் சத்தத்தை ஏற்றினேன். பாட்டு தொடங்கியது. என் இடம் வந்ததும் அடிச்சத்தம் அடங்கி, நடுச்சத்தம் நிமிர்ந்து, திருத்தி வைத்தபடியே கிட்டார் பேசியது. எனக்குப் பல்வலி முகம் வந்துவிட்டது என்று கீழே நின்ற மனைவி சைகை காட்டினாள்.

கச்சேரி முடிந்து வயர் சுருட்டும்போது அண்ணன் வந்தார். பெடலைப் பைக்குள் ஒளித்தேன்.

“வர்ற முகூர்த்தத்துக்கும் வந்துடுடா,” என்றார். “மூணாவது பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மொத ரெண்டு பாட்டுல அடக்கி வாசிச்ச பாரு, அதான்டா வாசிப்பு!”

நன்றி அண்ணே என்று கும்பிட்டேன். மனைவி அந்தப் பக்கம் திரும்பி, புடவையில் பின்னைக் குத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியதில் குத்த முடியவில்லை.