ப்ளேனில் ஏறின லேடீஸ் சைக்கிள்

பாம்பன் ஸ்டேஷனில் நான் பார்சல் கிளார்க்காகச் சேர்ந்த புதிது. கவுண்ட்டரைத் திறந்ததும் ஒருத்தர் வந்து நின்றார்.

"சார், சைக்கிள் வந்துருச்சா?"

"எங்க புக் பண்ணுனீங்க?"

"கொழும்புல. ப்ளேன்ல சார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கருவாட்டுக் கூடை புழங்குகிற ஸ்டேஷன் இது!

அவர் பெயர் சூசை. கொழும்பில் ஜவுளிக்கடை வேலை. மனைவி லூர்து உள்ளூர் ஆஸ்பத்திரி நர்ஸ். பிரசவம் பார்க்க மணலில் நடந்தே அலைகிறாளே என்று லேடீஸ் சைக்கிள் வாங்கியிருக்கிறார். லூர்து மதுரையில் நர்ஸுக்குப் படிக்கும்போதே ஓட்டக் கற்றுக்கொண்டவராம். கிளம்புகிற நேரம் பார்த்துக் கடல் கொந்தளித்து ஸ்டீமரை நிறுத்திவிட்டார்கள். இருக்கிற லீவும் வீணாகிவிடுமே என்று மனுஷன் திருச்சி ப்ளேனில் ஏறிவிட்டார்.

"ஏர்போர்ட்டுல ஹேண்டிலக் கழட்டுன்னான், பெடலக் கழட்டுன்னான், டயர்ல காத்த எறக்குன்னான். எல்லாம் செஞ்சப்புறம், எடை கூடிப்போச்சு, பின்னால ரயில்ல வரும், நீ போன்னுட்டான் சார்."

அன்றிலிருந்து எந்த ரயில் வந்தாலும் சூசை ஆஜர். ஒருநாள் எரிந்து விழுந்தேன். "வந்தாச் சொல்லி அனுப்ப மாட்டேனா? வீட்டுல பொண்டாட்டியோட இருய்யா!"

"அவ ஓட்டுறத ஒருதடவ பாத்துட்டுப் போயிரணும் சார். லீவு முடியப் போகுது."

அவர் திரும்பிப் போவதற்கு முதல்நாள், சாமான் ஏற்றுகிற பிரேக் வேனிலிருந்து சைக்கிள் இறங்கியது. சக்கரம் இருந்தது, பெடல் இருந்தது. ஹேண்டில்பார் கட்டிய சாக்கை மட்டும் காணோம். சூசை பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வழியிலுள்ள ஸ்டேஷனுக்கெல்லாம் தந்தி அடித்தேன். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை.

தோணி கட்டுகிற ஓடாவி ஒருத்தர், ஆணிப் பெட்டி எடுக்க வந்தவர், குனிந்து பார்த்தார். "ஏலே, இதுக்கா இடிஞ்சு போய் உக்காந்திருக்க? தோணிக்குச் சுக்கானே செதுக்குறேன். இந்தக் கம்பு செதுக்க மாட்டனா? தூக்கிட்டு வா."

"பிரேக்கு?" என்றேன்.

"மணல்ல பிரேக் எதுக்குங்கேன்?"

மறுநாள், கொழும்பு ஸ்டீமரைப் பிடிக்கத் தனுஷ்கோடி வண்டியில் சூசை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மரக் கம்பைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சேலையில் லூர்து பிளாட்பாரத்துக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்! வண்டி நகர, கூடவே மிதிக்கிறார். சூசை தலையை வெளியே நீட்டிச் சின்னப்பிள்ளை மாதிரிக் கத்துகிறார்.

"பிளாட்பாரத்துல யாருய்யா சைக்கிள் விடுறது?" என்று பாய்ந்து வந்தார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"பார்சல் டெலிவரி சார்," என்று குறுக்கே நின்றுகொண்டேன்.

அடுத்த வாரம், பளபளவென்று ஹேண்டில்பார் வந்து சேர்ந்தது. ஆள் அனுப்பினேன். லூர்து வந்தார், சாக்கைப் பிரித்துப் பார்த்தார், மறுபடி கட்டிவிட்டார்.

"இங்கனயே இருக்கட்டும் சார். அவுக வந்து மாட்டட்டும்."

என் அலமாரிக்கு மேலேயே அது கிடந்தது. அடுத்த லீவில் வந்த சூசை வீட்டுக்குக்கூடப் போகாமல், ரயிலை விட்டு இறங்கியதும் ஸ்பேனரோடு என் கவுண்ட்டருக்குத்தான் வந்தார்.

அப்புறம் எத்தனையோ ஸ்டேஷன் மாறிவிட்டேன். லக்கேஜ் வரவில்லை என்று யார் வந்து நின்றாலும், ரசீதைக் கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்பேன்: "நீங்க எப்பத் திரும்பிப் போகணும்?"