ஒன்பதாவது லெவலை ஸ்டெல்லா அக்கா ஜெயித்தது இப்படித்தான்

இல்லை. ஏமாற்றி ஜெயிக்கவில்லை.

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார் என்று காலையில் எங்கள் பழைய ஆபீஸ் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. பத்து நிமிடத்தில் ஒருவர் அதன் கீழே எழுதுகிறார்: "நம்ம ஏமாத்துக்கார சாம்பியன் போயிட்டாங்களா..." பக்கத்தில் ஒரு சிரிப்பு பொம்மை.

பிரியமாகத்தான் எழுதியிருப்பார். இருக்கட்டும். அந்த வார்த்தையோடு அவரை அனுப்ப எனக்குச் சம்மதமில்லை.

எண்பதுகளின் நடுவில், திருச்சி கன்டோன்மென்ட்டில் ஒரு டேட்டா என்ட்ரி சென்டர். ஏழு பெண்கள். நான் ஆங்கிலம் எம்.ஏ. முடித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். அக்கா எடமலைப்பட்டி புதூர். என்னைவிட மூன்று வயது பெரியவர்.

என் பையில் எப்போதும் ஒரு நாவல் இருக்கும்.

"அதுல இன்னும் யாரும் சாகலையா?"

"இல்லக்கா. யோசிச்சிட்டிருக்காங்க."

"எத்தனை பக்கமா?"

வேலை இதுதான். ஒரு ஃபாரத்தை ஒருத்தி அடிப்பாள். அதே ஃபாரத்தை இன்னொருத்தி முதலிலிருந்து மறுபடி அடிப்பாள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் மெஷின் கத்தும்.

ஒரே ஒரு சட்டம். ஃபாரத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அடிக்க வேண்டும். தப்பு என்று தெரிந்தாலும் திருத்தக் கூடாது.

மேனேஜர் அறையில் மட்டும் ஒரு தனி கம்ப்யூட்டர். ஏ.சி. உண்டு. அதில் அவர் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஒரு கேம். இரண்டு தீவு, கொஞ்சம் படை, கொஞ்சம் கப்பல். நம் படைகளையெல்லாம் நகர்த்திவிட்டு ஒரு கீயை அழுத்தினால், மெஷின் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத் தன் படைகளை நகர்த்தும். மொத்தம் ஒன்பது லெவல். மேனேஜர் ஆறில் நின்றிருந்தார்.

அந்த மாதம் புரோகிராமிங் வகுப்புக்கு மூன்று பேரை அனுப்புவதாக இருந்தது. அக்கா போய் நின்றார். எங்கள் எல்லோர் முன்னாலும்தான் மேனேஜர் சொன்னார்.

"ஆபரேட்டருக்குக் கை வேகம் போதும்மா. புரோகிராமுக்கு மூளை வேணும். இந்த ஒன்பதாவது லெவல ஜெயிச்சுட்டு வந்து கேளு, அனுப்பறேன்."

"மதியம் நீங்க சாப்பிடப் போறப்ப உட்காரலாமா சார்?"

சிரித்தார். "தாராளமா."

பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை, அக்காவும் நானும். கேமைப் பாதியில் சேமித்து வைக்க வழியில்லை. தினமும் முதலிலிருந்து. முதல் வாரம் தினமும் தோற்றோம்... அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

ஒரு நாள் அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நேத்தும் மெஷின் இங்கதானே கப்பல அனுப்பிச்சுது?"

மறுநாள் அதே நகர்த்தல்களை அப்படியே அடித்துப் பார்த்தோம். அதே பதில். வரிக்கு வரி. நாம் மாறாதவரை அதுவும் மாறவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு நகர்த்தலையும் காலி ஃபாரங்களின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தோம். நான் வாசிப்பேன், அக்கா அடிப்பார். தோற்ற இடம் வரை பழையபடி. அங்கிருந்து புதிதாக ஒன்று.

அக்காவின் கை வேகம் இல்லாமல் ஒன்றரை மணி நேரத்தில் அவ்வளவு தூரம் யாராலும் போயிருக்க முடியாது.

நான் ஒரு நாள் பழைய தாளைப் பார்த்து வாசித்துவிட்டேன். படை ஏறாமல் வெறும் கப்பல் கிளம்பிவிட்டது. மெஷின் ஒரு நிமிடம் யோசித்தது... பிறகு தன் கப்பல்கள் அத்தனையையும் அந்த வெறும் கப்பலின் மேல் அனுப்பியது. அதன் தலைநகர் திறந்து கிடந்தது.

"ஐயோ, தப்பா வாசிச்சுட்டேன்க்கா. தாள்ல அந்த வரிய வெட்டிடவா?"

"கைய வைக்காத. இருக்கிறபடியே எழுது."

அதிலிருந்து நான்காம் நாள் ஜெயித்தோம். வகுப்புக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்ப வேண்டிய நாளும் அதுதான். இரண்டு மணிக்கு மேனேஜர் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். பிறகு தாள்களைப் பார்த்தார். முகம் மாறியது.

"இது என்னம்மா, எழுதி வச்சு அடிச்சிருக்கீங்க. ஏமாத்து வேலை. மனப்பாடம் பண்றதுக்குப் பேரு மூளையா?"

"அதுவும் மனப்பாடமாத்தான் சார் பதில் சொல்லுது. நாங்க கவனிச்சோம். நீங்க கவனிக்கல."

அவர் கோபப்பட நேரம் தராமல் அக்கா மெஷினை அணைத்து மறுபடி போட்டார்.

"உட்காருங்க சார். உங்க கண்ணு முன்னாடியே இன்னொரு தடவை."

உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் பத்து நிமிடம். நான் வாசித்தேன், அக்கா அடித்தார். மற்ற ஐந்து பேரும் வாசலில்.

அந்த வெறும் கப்பல் கிளம்பியபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆளில்லாத கப்பல் போகுது பாரு."

"ஆமா சார். அப்படித்தான் எழுதியிருக்கு."

மெஷின் இரண்டாவது முறையும் சரணடைந்தது. மேனேஜர் பட்டியலை எடுத்து மூன்றாவது பெயரை வெட்டிவிட்டு, அக்கா பெயரை எழுதினார். எழுத்துக்கூட்டிப் படித்துச் சரிபார்த்த பிறகுதான் அக்கா அந்த அறையைவிட்டு வெளியே வந்தார்.

"ஏமாத்து" என்ற வார்த்தை அந்த அறையில் பிறந்தது. குழுவில் அதை மறுபடி எழுதியவர் அன்று எங்களோடு இல்லை. அடுத்த வருடம் சேர்ந்தவர். நான் அங்கே இருந்தேன்.

நாளைக்கு அடக்கம். எடமலைப்பட்டி புதூர் போகிறேன். அங்கேயும் யாராவது சொன்னால் அங்கேயும் இதையே சொல்வேன்.

போயிட்டு வாங்கக்கா.

அன்றைக்கு வெளியே வந்ததும் அக்கா டிபன் பாக்ஸைத் திறந்து, ஆறிப்போன சோற்றை முழுக்கச் சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு வந்து, பாதியில் கிடந்த ஃபாரக் கட்டை அடித்து முடித்தார்.