போதகர் ஜெயித்த கம்ப்யூட்டர்

தொண்ணூறுகளின் கடைசியில், கார் ரேஸ் விளையாடவென்றே கம்ப்யூட்டர் வாங்க பாளையங்கோட்டைக்குப் போனேன். கடையில் இரண்டு இருந்தன. எதை எடுப்பது? குழம்பி நின்றேன்.

சபைக்குக் கம்ப்யூட்டர் வாங்க வந்திருந்த போதகர், "ரெண்டுலயும் ஓட்டிப் பாத்துருவோம் தம்பி" என்று அங்கியைச் சுருட்டிக்கொண்டு ஒன்றில் உட்கார்ந்தார். நான் மற்றதில்.

என் கார் வழுக்கிக்கொண்டு பறந்தது. அவருடையது திக்கித் திக்கி ஓடியது. "விடாதலே!" என்று கடை அண்ணாச்சியே கத்தினார். கடைசி வளைவில் நான் சுவரில் மோதினேன். போதகர் ஜெயித்துவிட்டார்!

அந்த உற்சாகத்தில் அவர் ஓட்டிய கம்ப்யூட்டரையே வாங்கினேன். பணம் கட்டித் திரும்பினால், நான் ஓட்டியதைத் தடவிக்கொண்டு போதகர் சொல்லுகிறார்: "அண்ணாச்சி, எனக்கு இதக் கட்டிக் குடுங்க. என்னா வேகம்!"

நான் ஜெயித்தவரைப் பார்த்திருக்கிறேன். அவரோ என் காரைப் பார்த்திருக்கிறார்.