கோலாலம்பூருக்கு மாறிப்போன வழக்கு

கிள்ளான் கோர்ட்டில் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக இருந்தபோது ஒரு விதவையின் வழக்கு எங்களிடம் வந்தது. அவளுடைய கணவரும் ஒரு நண்பரும் சேர்ந்து மாட்டு வண்டிகள் வைத்து, தோட்டங்களிலிருந்து துறைமுகத்துக்கு ரப்பர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கணவர் காய்ச்சலில் இறந்த பிறகு, எட்டு வண்டிகளும் தன்னுடையவை என்றார் நண்பர். அவள்தான் மனமுவந்து கொடுத்துவிட்டாளாம்.

அவள் சாட்சிக் கூண்டில் ஏறி, "என்னால முடியாது, இனிமே நீங்களே பார்த்துக்குங்க அண்ணேன்னுதான் சொன்னேன்" என்றாள். 'இனி நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்' என்று பொருள்படும்படி நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். வழக்கை விசாரித்த வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் துரை எழுதிக்கொண்டார். தடுமாறாமல் சொன்னதில் எனக்குப் பெருமைதான்.

ஐந்து மாதம் கழித்து துரை பேனாவைக் கீழே வைத்தார். இது வெறும் வண்டித் தகராறு அல்ல, கூட்டு வியாபாரத்தைக் கலைத்துப் பங்கு பிரிக்கும் வழக்கு, அதற்கு இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை, கோலாலம்பூர் பெரிய கோர்ட்டுக்குப் போகட்டும் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அங்கே நல்ல மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார்" என்றும் சொன்னார்.

அந்த நல்ல மொழிபெயர்ப்பாளன் என்னோடு ஒரே அறையில் பரீட்சை எழுதியவன். என்னைவிட ஆறு வயது இளையவன். அவனுக்குப் பெரிய கோர்ட்டு, எனக்குக் கிள்ளான். ஐந்து மாதம் நான் வளர்த்த வழக்கை அவன் கையில் கொடுப்பதை நினைத்தபோது வயிறு எரிந்தது. வழக்குக் கட்டைக் கொண்டுபோய் ஒப்படைக்கும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு, அவன் ஓரிடத்திலாவது உளற வேண்டும் என்று விரும்பிக்கொண்டே போனேன்.

கட்டை ஒப்படைத்துவிட்டு நானும் பின்வரிசையில் உட்கார்ந்தேன். விசாரணையில் அவன் அவசரப்படவில்லை. "அம்மா, அவர்கிட்ட சொன்னத அப்படியே சொல்லுங்க" என்றான். அவள் அதே வார்த்தைகளைச் சொன்னாள். அவனோ, 'எனக்காகக் கவனித்துக்கொள்ளுங்கள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னான்.

நீதிபதி கிள்ளான் பதிவைப் புரட்டினார். இரண்டும் வேறாக இருக்கிறதே, அந்த மொழிபெயர்ப்பாளர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். நான் எழுந்தேன். எது சரி என்றார்.

அவன் சொன்னதுதான் சரி. அவன் வாயிலிருந்து வந்ததுமே அது எனக்குத் தெரிந்துவிட்டது. "இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ளலாம், ஐயா" என்றேன்.

நீதிபதி என்னை உட்காரச் சொன்னார். பிறகு அவன் மூலம் அவளிடம் இன்னொரு கேள்வி கேட்டார்: அதற்குப் பிறகு வண்டி, மாடு பற்றி அந்த ஆள் உன்னிடம் ஏதாவது கேட்டதுண்டா?

"ஒரு மாடு நொண்டிப்போச்சுங்க. விக்கலாமான்னு என்னைத்தான் வந்து கேட்டாரு."

கணவரின் அந்த நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த மாதம் நான்கு வண்டிகள் அவளுக்கென்று தீர்ப்பானது.

விசாரணை நடந்த அன்றே வராந்தாவில் அவன் என்னிடம் வந்தான். "அண்ணே, நீங்க கொண்டுவந்த பதிவப் படிச்சதாலதான் அந்த வார்த்தையில நான் நிதானிச்சேன். இல்லாட்டி நானும் தாண்டிப் போயிருப்பேன்."

அவன் என்னைக் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். "ரயிலுக்கு நேரமாச்சு தம்பி" என்று நடந்துவிட்டேன்.

திரும்பும் ரயிலில் அந்த அம்மாள் எதிரே உட்கார்ந்திருந்தாள். "அந்தத் தம்பி பதறாம சொன்னாரு. பெரிய கோர்ட்டு துரையும் பேனாவ வச்சிட்டுக் கேட்டாரு" என்றாள். கிள்ளானில் அவளுக்காகப் பேசியவன் நான்தான் என்பதே அவளுக்கு நினைவில்லை போலிருந்தது. என் தவறு அவளுடைய வண்டிகளைக் கொண்டுபோயிருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியாது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பதினைந்து வருடமாகிறது. அவனை யாராவது புகழ்ந்தால் இன்றும் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.