திருமலை அடைத்த ஓட்டை

திருவொற்றியூரில் இரும்பில் எதை வாங்கினாலும் பாதியை உப்புக்காற்றுக்கு என்று எழுதிவைத்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். வாசல் கேட்டு, கிரில், சைக்கிள், கொடிக்கம்பி, எதையும் அது விட்டுவைக்காது. எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் அதோடு சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். அந்தக் காற்று மற்றவர்களுக்கு நஷ்டம். குணசுந்தரிக்கு மட்டும் அதுதான் பிழைப்பு.

குணசுந்தரி ஏசி மெக்கானிக். ராயபுரத்தில் ஒரு சர்வீஸ் கடையில் பெருக்கித் துடைக்கப் போனவள், டார்ச் பிடிக்க ஆரம்பித்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்து, கடைசியில் கடைக்காரரே அவளைக் கேட்டுவிட்டுத்தான் பெட்டியைப் பிரிப்பது என்று ஆனது. பிறகு முறையாகப் படித்துச் சான்றிதழும் வாங்கினாள். இப்போது சொந்தமாக ஸ்கூட்டர், அதன் முன்னால் தண்ணீர் அடிக்கும் பம்பு, பின்னால் கட்டிய ஏணி. புது இடத்தில் யாராவது கதவைத் திறந்து, "மெக்கானிக் வரலியாம்மா?" என்று கேட்டால், "வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். அதற்கு மேல் விளக்கம் சொல்லும் பொறுமை அவளுக்குக் கிடையாது.

அவள் புருஷன் திருமலை காசிமேட்டில் லாஞ்ச் டிரைவர். லூயிஸ் என்பவரின் விசைப்படகை இருபது வருஷத்துக்கு மேலாக ஓட்டிக்கொண்டிருந்தான். கடலுக்குள் போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள். கரைக்கு வந்து, மீன் இறக்கி, ஐஸ் ஏற்றி, மறுபடியும் கடல். கல்யாணமான இத்தனை வருஷத்தில் பொண்டாட்டியோடு உட்கார்ந்து சோறு தின்ற நாளை விட ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்து தின்ற நாள்தான் அதிகம். அவனுக்கு அலுத்துவிட்டது. முதுகு வலி என்று ஊரில் சொல்லிக்கொண்டான். முதுகு வலித்தது உண்மைதான். ஆனால் விஷயம் அதுவல்ல. அவனுக்கு வீட்டில் இருக்க ஆசை, அவளோடு இருக்க ஆசை. ஐம்பது வயசில் அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம், அவ்வளவுதான்.

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஆனி பிறக்கும் வரை லாஞ்சுகள் கரையில் கிடக்கும். ஊரே வெயிலில் வெந்து ஏசிக்காரர்களைத் தேடுவதும் அதே மாதங்களில்தான்.

"நான் உன்கூட வேலைக்கு வரட்டா?" என்றான் திருமலை. "கத்துகினா அப்பால கடலுக்கே போவ வேணாம்ல."

குணசுந்தரி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனுக்கு கரையில வேலை செஞ்சு பழக்கம் இல்லய்யா. ரெண்டு நாள்ல பேஜாரா பூடும். தடைக்காலம் முடியற வரைக்கும் வா. அப்பால பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவன் கேட்கவில்லை. லூயிஸ் மட்டும் கேட்டுவிட்டார். "ஆனி பொறக்கறதுக்கு முன்னாடி சொல்லிடு திருமலை. நீ வரலேன்னா நான் வேற டிரைவர் பாக்கணும்."

ஆக, அந்த இரண்டு மாதத்தில் குணசுந்தரியின் மனசை ஜெயித்தாக வேண்டும். தவறினால் மறுபடியும் ஐஸ் பெட்டிதான்.

வேலை அவனுக்கு அப்படி ஒன்றும் புதிதாக இல்லை. கடலில் இருந்து வந்ததும் எஞ்சினின் மேல் உப்பு போக நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவன் அவன். ஏசியின் பின்பக்கத்தையும் அப்படித்தான் கழுவ வேண்டியிருந்தது. துருவைக் கம்பி பிரஷால் சுரண்டுவது, ஜிங்க் பிரைமர் அடிப்பது, காயவிட்டுப் பெயின்ட் அடிப்பது எல்லாம் கை தானாகச் செய்தது. ஒவ்வொரு திருகாணியையும் கிரீஸில் தொட்டு மாட்டினான். அடுத்த தடவை கழற்றும்போது அது துருவேறி அடம் பிடிக்காது. குணசுந்தரி அதைப் பார்த்தாள். மறுநாள் அவளும் கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

தப்பும் செய்தான். ஒரு நாள் ஏசியின் பின்னால் வரிவரியாக இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நீலப் பெயின்ட் அடிக்கப் போனான். லாஞ்சுக்கு அடித்த மிச்சம். குணசுந்தரி ஓடி வந்து பிரஷைப் பிடுங்கினாள்.

"இது இன்னா உன் லாஞ்சா? சந்து பொந்தெல்லாம் அடைச்சிட்டா காத்து எப்டிய்யா போவும்? இதுக்குன்னு தண்ணி மாரி மெலிசா ஒரு மருந்து கீது, அத்த அடிச்சா போதும்."

இதெல்லாம் அவனுக்கு உறைக்கவில்லை. உறைத்தது வேறொன்று. சாயங்காலம் ஆனால் குணசுந்தரி அன்றைய கூலியை எண்ணி அவன் கையில் கொடுத்துவிடுவாள். மற்ற ஆட்களை வைத்தபோது எப்படிக் கொடுத்தாளோ அப்படி. காசிமேட்டில் லாஞ்சில் போகிறவன் கூலிக்காரன் கிடையாது. ஓனருக்கு ஒரு பங்கு, டிரைவருக்கு ஒரு பங்கு, வலை இழுக்கிறவனுக்கு ஒரு பங்கு. மீன் கொட்டினால் எல்லாருக்கும் கொட்டும். டீசல் எரிந்தது மட்டும்தான் மிச்சம் என்றால் அந்த நஷ்டத்திலும் எல்லாருக்கும் பங்கு. கூலி ஆளுக்கு அந்தக் கவலை இல்லை, வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். கட்டின பொண்டாட்டி கையால் கூலி வாங்கும்போது திருமலைக்குக் கை கூசியது. ஆனாலும் வாங்கிக்கொண்டான்.

வைகாசி பாதியில் தேவகிருபையின் பேக்கரியில் வேலை வந்தது. தூத்துக்குடிப் பக்கத்தில் இருந்து வந்து கடை போட்ட குடும்பம். கீழே கடை, மாடியில் கேக் அலங்கரிக்கும் அறை. பின்சுவர் கடலைப் பார்த்து நிற்கும். அந்தச் சுவரைத் துளைத்து, துளைக்குள் ஒரு தகரக் கூடு பதித்து, கூட்டுக்குள் ஏசியைத் தள்ளி வைத்திருந்தார்கள். முகம் அறைக்குள், முதுகு கடலுக்கு. வருஷம் முழுக்க அந்த முதுகு உப்பை வாங்கிக்கொண்டிருக்கும். க்ரீமும் சர்க்கரைப் பூவும் உருகாமல் இருப்பது அந்த ஒரு பெட்டியின் புண்ணியத்தில்தான்.

இருவரும் பெட்டியை வெளியே இழுத்து, மொட்டை மாடியில் வைத்துக் கழுவினார்கள். அடித்தட்டில் துரு பொரிந்திருந்தது. சுரண்டிப் பிரைமர் அடித்து முடிக்கும்போது குணசுந்தரிக்குப் போன் வந்தது. ஒரு கிளினிக்கில் மெஷின் நின்றுவிட்டதாம்.

"காஞ்சதும் பெயின்ட் அடிச்சு உள்ள தள்ளிடு. தேவகிருபை அக்காவாண்ட ஆள் கேட்டா குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

திருமலை தனியாக உட்கார்ந்து அடித்தட்டைப் பார்த்தான். பின்பக்க மூலையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. சுற்றிலும் துருக்கறை. அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது வருஷம் லாஞ்சில் இருந்தவன் கண்ணுக்கு, அடித்தட்டில் இருக்கிற ஓட்டை எப்படித் தெரியும்? துரு தின்ற ஓட்டையாகத்தான் தெரியும். இவ்வளவு பெரிய ஓட்டையை இவள் பார்க்காமல் போய்விட்டாளே என்று ஒரு சின்னச் சந்தோஷம் கூட வந்தது. ஓட்டை அடைக்கும் எம்சீல் பசையைப் பிசைந்து நன்றாக அழுத்தி அடைத்தான். ஈரவிரலால் தேய்த்து மழமழப்பாக்கினான். சுவரில் இருந்த தகரக் கூட்டின் வெளிவிளிம்பிலும் ஒரு ஓட்டை இருந்தது. அதையும் விடவில்லை. மேலே இரண்டு கை பெயின்ட் அடித்தான். அங்கே ஓட்டை இருந்ததாகப் பெற்ற தாயே சொன்னாலும் நம்ப முடியாது.

குணசுந்தரியிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. லாஞ்சில் ஓட்டையைக் கண்டால் அடைப்பார்கள். அதை யாரும் யாரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை.

ஆனி பிறக்க இன்னும் சில நாள்தான் என்றிருந்தபோது தேவகிருபை போன் செய்தாள். குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை. இருவரும் ஸ்கூட்டரில் பறந்தார்கள்.

அறைக்குள் ஏசி முகத்தின் கீழ்விளிம்பில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே மேஜையில் ஒரு தட்டு. மறுநாள் ஒரு கல்யாணத்துக்குத் தேவகிருபையின் மகள் பெனிஷா உட்கார்ந்து உட்கார்ந்து செய்த சர்க்கரை ரோஜாக்கள் அதில் இருந்தன. இருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது சிவப்பாக ஒரு பாகு மட்டும் தேங்கி நின்றது. பெனிஷா அதைப் பார்த்தபடி நின்றாள்.

"பாத்தியளா அண்ணாச்சி" என்றாள் தேவகிருபை. "சர்வீஸ் பண்ணுறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு விழுந்ததில்ல. பண்ணின பொறவுதான் இப்படி ஒழுகுது."

குணசுந்தரி முகப்பைக் கழற்றி, பின்மூலை எட்டும் வரை பெட்டியை வெளியே இழுத்து, அடித்தட்டில் கையை விட்டாள். விரல்கள் முழுகும் அளவுக்குத் தண்ணீர். மூலையில் தடவினாள். மறுபடியும் தடவினாள். திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"இங்க இருந்த ஓட்டை எங்கய்யா?"

"அடைச்சிட்டேன்" என்றான் திருமலை. சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. அறைக் காற்றில் இருந்து அந்தப் பெட்டி தண்ணீரைப் பிழிந்து எடுக்கிறது. அந்தத் தண்ணீர் அடித்தட்டில் விழுந்து, ஓட்டை வழியாகத் தகரக் கூட்டுக்கு வந்து, அங்கிருந்து வெளியே போக வேண்டும். அதற்காகத்தான் கூட்டையே வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பதித்திருக்கிறார்கள். அவன் இரண்டு வாசலையும் மூடிவிட்டான். தண்ணீர் வேறு எங்கே போகும்?

"துருன்னு நெனச்சிட்டேன் சுந்தரி."

"தண்ணி இப்டியே நின்னுகினு இருந்தா, நீ அடிச்ச பெயின்ட்டோட சேத்து அடுத்த மழைக்குள்ள தட்டே துருப்புடிச்சுப் பூடும்" என்றாள் அவள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

முடிந்தது என்று நினைத்துக்கொண்டான் திருமலை. ஊர் முழுக்க அவள் சம்பாதித்த பேரை ஒரு உருண்டை எம்சீலால் கெடுத்தாயிற்று. வாடிக்கையாளர் முன்னால் வைத்து, நாளையில் இருந்து வராதே என்று சொல்லப்போகிறாள். சொல்லட்டும். நியாயம்தான்.

"இவரு அடைச்சாரு, இது எங்க தப்புதான்கா" என்றாள் குணசுந்தரி. "பூ போச்சு. அதுக்கு இன்னா பண்ணணும் சொல்லுங்க."

தேவகிருபை மகளைப் பார்த்தாள். பெனிஷா பெருமூச்சு விட்டாள்.

"கல்யாணம் நாளைக்குச் சாயந்தரம்தான். பண்ணிருவேன்மா" என்றாள். "இந்த ஏசிய மட்டும் சரி பண்ணுங்க."

"அவ பண்ணிருவா" என்றாள் தேவகிருபை. "ஆனா அவ பட்ட பாட்டை நெனச்சா மனசு கேக்கல."

"அப்ப இப்டி வெச்சுக்கலாம்கா. அடுத்த வைகாசி வரைக்கும் உங்க மெஷினுக்கு சர்வீஸ் சொம்மா. மாசா மாசம் வந்து, உப்பு கழுவி, தண்ணி போவுதான்னு பாத்துட்டுப் போவோம். ஒரு பைசா வாணாம்." கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே சேர்த்துச் சொன்னாள்: "இந்த நஷ்டத்துல பாதி இவரு பங்கு. ஒரு மாசம் நான் வருவேன், ஒரு மாசம் இவரு வருவாரு."

தேவகிருபை புருவத்தைச் சுருக்கினாள். "அண்ணாச்சி ஆனி பொறந்தா கடலுக்குப் போயிருவாகன்னுல்லா சொன்னீய?"

"கடலுக்குப் போனா பங்கு எப்டிக்கா தீரும்?" என்று குணசுந்தரி அவளைத் திருப்பிக் கேட்டாள். பிறகு பையில் இருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திருமலையிடம் நீட்டினாள். "நீ அடைச்சதுதான? நீயே நோண்டு."

இருவருமாகப் பெட்டியை முழுக்க வெளியே இழுத்தார்கள். அவன் மொட்டை மாடியில் குந்தி உட்கார்ந்து நோண்டினான். எம்சீல் லேசில் வரவில்லை, அவ்வளவு ஒழுங்காக அடைத்திருந்தான் பாவி. கூட்டின் விளிம்பையும் திறந்து, பெட்டியை உள்ளே தள்ளி, ஓடவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வெளிச்சுவரில் தண்ணீர் ஒரு கோடாக இறங்கியது. தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்துத் திருமலை சந்தோஷப்பட்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

ஸ்கூட்டரில் ஏணியைக் கட்டும்போது போன் அடித்தது. லூயிஸ்.

"இன்னாடா திருமலை, ஐஸுக்குச் சொல்லியாச்சு. வரியா, இல்லியா?"

"வரல லூயிஸண்ணே."

"ஏன்டா, உன் பொண்டாட்டி கூலி ஜாஸ்தியா குடுக்குதா?"

"கூலி இல்லண்ணே" என்றான் திருமலை. ஏணிக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். "நஷ்டத்துல பங்கு குடுத்துட்டா."

லூயிஸுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவரும் காசிமேட்டுக்காரர்தான்.

"அப்ப சரி நைனா. நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்று போனை வைத்தார்.

இதெல்லாம் காதில் விழுந்ததாகவே குணசுந்தரி காட்டிக்கொள்ளவில்லை. சீக்கிரம் ஏறு, கிளினிக்குக்கும் போகணும் என்றாள். கிளினிக் முடிந்து, இன்னும் ஒரு வீடு முடிந்து, வெயில் தாழ்ந்த பிறகு இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். அவள் உலை வைத்தாள், அவன் பம்பைக் கழுவிக் கவிழ்த்தான், இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அன்றைக்கு அவள் கூலி கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த நாளும் கொடுக்கவில்லை.